வெட்டாத பேச்சு

நவம்பர் 9, நாமக்கல்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நாட்குறிப்பு எழுதுவது வழக்கம். எந்த ஷாட் எடுத்தோம், எத்தனை டேக் போனது என்பதையெல்லாம் உதவி இயக்குநர்கள் குறித்துக்கொள்வார்கள். இது எனக்காக. படம் முடிந்த பிறகு ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் லாரிப் பட்டறை. இரும்பை இரும்பால் அடிக்கிறார்கள். எங்கள் ஒலிப்பதிவாளர் கிருபாகரன் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப் போனார். இந்தப் படத்தில் டப்பிங் கிடையாது. கேமரா முன்னால் பேசுவதுதான் திரையிலும் கேட்கும்.

“மேடம், இந்த ஊர்ல அமைதி எங்கயாவது வாடகைக்குக் கெடைக்குமான்னு மேனேஜரைக் கேக்கச் சொல்லுங்க” என்றார்.

கதை சின்னது. பைக்கில் போன மகனை லாரி அடித்துக் கொன்றுவிடுகிறது. வழக்கு முடிந்து டிரைவர் விடுதலையாகிறான். மகனைப் பறிகொடுத்த அம்மா ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பஸ் மாறி மாறி அந்த டிரைவரின் ஊருக்குப் போகிறாள். போய் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. டிரைவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறான். வீட்டில் அவன் மனைவி மட்டும். வாசலில் நின்றபடி இந்த அம்மா பேசுகிறாள். நான்கு பக்கப் பேச்சு. அத்துடன் படம் முடிகிறது.

அம்மாவாக நடிப்பவர் எஸ்தரக்கா. கேமரா முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. ஆனால் அவர் குரலைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. நாற்பது வருடமாக டப்பிங். தமிழ் தெரியாத கதாநாயகிகளுக்கெல்லாம் பேசியிருக்கிறார். இளமை போன பிறகு அம்மாக்களுக்கும் அண்ணிகளுக்கும். என் போன படத்துக்குப் பேச வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார். எல்லோரும் திரையைப் பார்த்தோம். ஏதோ ஒரு கணத்தில் நான் அவரைப் பார்த்துவிட்டேன். திரையில் இருந்த முகத்தைவிட அந்த முகம் பெரிதாக இருந்தது.

நடிக்கிறீர்களா என்று கேட்டதும் சிரித்தார். “இந்த மூஞ்சிக்கா? ஆபரேட்டர் பயந்து ஓடிரப் போறாரு.”

நவம்பர் 13

முதல் சில நாட்கள் எஸ்தரக்காவால் நடிக்கவே முடியவில்லை. குரலில் எல்லாம் இருக்கிறது, முகத்தில் ஒன்றும் இல்லை. யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்ததும் முகம் பூட்டிக்கொள்கிறது. டப்பிங் அறையில் அந்த முகம் அத்தனை சுதந்திரமாக இருந்ததற்குக் காரணமே அதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதுதான்.

இன்று ஒளிப்பதிவாளர் வின்சென்ட் கேமராவைத் தூரமாகக் கொண்டுபோய் ஒரு வேலிக்குப் பின்னால் வைத்தார். அக்காவிடம், “நீங்க பேசுங்க, நாங்க சவுண்டு மட்டும் எடுக்குறோம்” என்றேன். பேசினார். முகம் திறந்துகொண்டது. பொய்தான். சினிமாவில் இதெல்லாம் பொய்க்கணக்கில் வராது.

இந்திய சினிமாவின் கதாநாயகி ஒரு பெண்ணே இல்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும். முகம் ஒரு ஊரிலிருந்து வரும், பேச்சு சாலிகிராமத்து டப்பிங் அறையிலிருந்து, பாட்டு இன்னொரு தொண்டையிலிருந்து. கிணற்றில் குதிக்க வேறொருத்தி. எல்லாவற்றையும் ஒட்டித் தைத்து, பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மக்களுக்குக் காட்டினோம். முகத்துக்குக் கோயில்கூடக் கட்டினார்கள். தொண்டைக்காரி மின்சார ரயிலில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

இந்தப் படத்தில் ஒரு முகத்துக்கு அதன் சொந்தக் குரல். அது போதும் எனக்கு.

நவம்பர் 17

மழை. படப்பிடிப்பு இல்லை. துணி துவைத்தேன். காயவில்லை.

நவம்பர் 20

பஸ் காட்சி. டீசல் புகை, தூசி. கிருபாகரன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மேடம், முதல் வாரத்துல இருந்த குரல் இப்ப இல்ல.”

“தூசி.”

“தூசின்னா காலைல சரியாயிருக்கணும். காலைலதான் அதிகமா இருக்கு. அடியில ஒரு உரசல்.”

நான் கேட்டேன். நல்ல உரசல். மகனைப் பறிகொடுத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பனங்கற்கண்டும் வெந்நீரும் வாங்கிக்கொடுக்கச் சொன்னேன். “போன கோடையிலருந்தே இப்படித்தாம்மா, வரும் போகும்” என்றார் அக்கா.

நவம்பர் 24

சேலத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நானே அக்காவை அழைத்துப் போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். மறுபடி உள்ளே படுக்கவைத்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பேச்சைக் குறைக்கச் சொன்னார்.

திரும்பி வந்து அட்டவணையை மாற்றினேன். அக்கா பேசாத காட்சிகளையெல்லாம் முன்னால் கொண்டுவந்தாயிற்று. பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது, வழி தெரியாமல் நிற்பது, ஒற்றைச் செருப்பு அறுந்ததும் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது. எல்லாம் மிக நன்றாக வருகின்றன. வானமும் மூடியே இருக்கிறது. மேகத்தின் கீழே முகங்களுக்கு ஒரு கனம் வருகிறது. படத்தின் பின்பாதி முழுவதும் இந்த வெளிச்சத்தில்தான் என்று வின்சென்டிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 30

முடிவு வந்துவிட்டது. குரல் நாணில் புற்று.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். உடனே சென்னைக்குப் போக வேண்டும். சின்னதாக இருந்தால் கதிர்வீச்சு கொடுக்கலாம், அல்லது அந்த இடத்தை மட்டும் எடுக்கலாம். ஏதோ ஒரு குரல் மிஞ்சும். பரவியிருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும். “தள்ளிப் போடாதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார்.

கார் ராசிபுரம் தாண்டியதும் அக்கா பேசினார். சென்னையில் எத்தனை வருடம் இருந்தும், மனசு ஒருநிலையில் இல்லையென்றால் பாளையங்கோட்டைப் பேச்சு வந்துவிடும் அவருக்கு.

“ஏ பிள்ள, அந்தக் கடைசிப் பேச்சு இருக்குல்லா, அத எடுத்துட்டுப் போயிருதேன்.”

“அக்கா, உடம்பு முக்கியம்.”

“நாப்பது வருசமா அடுத்தவ மூஞ்சிக்கு அழுதிருக்கேன். ஒரு தடவ என் மூஞ்சிக்கு அழுதுட்டுப் போறேன். ஷீபாட்ட மட்டும் சொல்லாத. அவ வந்தான்னா இழுத்துட்டுப் போயிருவா.”

ஷீபா அவர் மகள். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் இறந்த பிறகு அக்கா அவளோடுதான் இருக்கிறார்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இது அவருடைய முடிவு. தெளிவாக இருக்கட்டும் என்றுதான் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 2

சென்னை மருத்துவமனையில் எட்டாம் தேதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சை நான்காம் தேதி எடுத்துவிடலாம். ஒரு இடைஞ்சலும் இல்லை.

டிரைவரின் மனைவியாக நடிக்கும் ருக்குமணி உள்ளூர்க்காரர். கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் வேலை. நடிப்பென்றால் என்னவென்று கேட்டார். “ஒருத்தங்க பேசுறாங்க, நீங்க கேக்குறீங்க, அவ்வளவுதான்” என்றேன். “அதென்னங்க கஷ்டம், நாளெல்லா அதானே பண்றோம்” என்றார்.

டிசம்பர் 4

எடுத்தோம்.

ஒரே டேக். வாசலில் எஸ்தரக்கா, கையில் பை. எதிரே சொம்புத் தண்ணீரோடு ருக்குமணி. நான்கு பக்கமும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. குரலில் உரசல் இருந்தது, ஆனால் உடையவில்லை. ‘அவன் சட்டை இன்னும் கொடியிலதான் கெடக்கு’ என்ற இடத்தில் ருக்குமணி அழுதுவிட்டார். அழ வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பரவாயில்லை.

ஆனால் வெயில். காலையிலேயே வானம் பளிச்சென்று விட்டிருந்தது. அக்காவின் முகம் தட்டையாக, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. இதற்கு முந்தைய காட்சி முழுக்க மேகம். வாசலுக்கு நடந்து வருபவள் மேகத்தில் வருகிறாள், வாசலில் நிற்பவள் வெயிலில் நிற்கிறாள். ஒட்டாது.

“கலர் பாக்கும்போது சரி பண்ணிக்கலாம் சுகந்தி. அவங்கள அனுப்பிடலாம்” என்றார் வின்சென்ட்.

கலர் பார்க்கும்போது சரி பண்ணிக்கலாம் என்று விட்டுவிட்டுத்தான் நம் ஊரில் பாதிப் படங்கள் பாழாகின்றன. நாளையோ மறுநாளோ மேகம் வரும். இன்னும் ஒரு தடவை எடுக்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். “நல்லா இல்லையா?” என்று கேட்டார். நீங்கள் நன்றாகத்தான் செய்தீர்கள், வானம்தான் சரியில்லை என்றேன்.

டிசம்பர் 5

வெயில்.

டிசம்பர் 6

வெயில். முட்டை லாரிகளைப் படம் எடுத்தோம், சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக.

டிசம்பர் 7

மருத்துவமனைக்குப் போன் போட்டுப் பேசும்படி படத்தின் மேனேஜரிடம் சொன்னேன். பதினைந்தாம் தேதிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களே மாற்றிக் கொடுக்கிறார்கள் என்றால் அத்தனை அவசரம் இல்லை என்றுதானே பொருள்?

அக்காவிடம் கேட்டேன். தலையாட்டினார். தொண்டையைச் சேமிப்பதற்காக இப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான்.

டிசம்பர் 10

ஷீபா வந்துவிட்டாள். தேதி மாறியதை உறுதிசெய்ய மருத்துவமனையிலிருந்து அவளுக்கு போன் போயிருக்கிறது. அக்கா பெயரோடு கொடுத்திருந்த இன்னொரு எண் அவளுடையது.

காலை ஷாட்டுக்கு நடுவே ஒரு ஆட்டோ வந்து நின்றது. நேராக என்னிடம் வந்தாள்.

“எங்கம்மாவுக்கு கேன்சர்னு ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணு எனக்குச் சொல்றா மேடம்.”

“அக்காதான் சொல்ல வேண்டாம்னாங்க.”

“அவங்க சொல்லுவாங்க. அவங்க பயந்திருக்காங்க. நீங்க பயப்படலையே. நீங்க ஏன் சொல்லல?”

அதற்குள் அக்கா வந்துவிட்டார்.

“ஷீபா, சத்தம் போடாத. மைக்கு ஓடிட்டு இருக்கு.”

“மா, குரலக் கேளு உன் குரல! ஆறு நாள் முன்னாடியே எடுத்தாச்சாமே. அப்புறம் என்ன?”

“மானம் சரியில்லட்டி.”

ஷீபா மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விடுகிறேன்.

கடைசியில் அக்காதான் முடித்துவைத்தார். நாளைக்கு ஒரு நாள். மேகம் வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்குச் சாயந்திரம் கிளம்பிவிடுவது. ஷீபா மரத்தடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யார் கொடுத்த டீயையும் வாங்கவில்லை.

டிசம்பர் 11

மேகம்.

இதுவரை நான் எடுத்ததிலேயே பெரிய ஷாட் இது. இரண்டாவது பக்கம் வரை குரல் நின்றது. மூன்றாவது பக்கத்தில் உடைந்தது. நடிப்பாக உடையவில்லை, ஓடு உடைவது மாதிரி உடைந்தது. அக்கா நிறுத்தவில்லை. காற்றும் கரகரப்புமாக, பாதிச் சொல் வாயசைவாக, மீதிப் பேச்சையும் பேசி முடித்தார். நான் கட் சொல்லவில்லை. ருக்குமணி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “இருங்கம்மா, பேசாதீங்க, போதும்” என்று அக்காவின் கையைப் பிடித்தார். எழுதாத வசனம். படத்தில் இருக்கும் அது.

மானிட்டரில் மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஷீபா அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தாள். அக்கா மேக்கப்பைக்கூடக் கலைக்கவில்லை என்றார்கள்.

டிசம்பர் 19, சென்னை

அறுவை சிகிச்சை முடிந்தது. முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 24

மருத்துவமனைக்குப் போனேன். கழுத்தில் துளை, அதன் வழியாகத்தான் இனி மூச்சு. நான் போனபோது இருமல் வந்தது. சத்தமே இல்லாத இருமல். தோள் மட்டும் குலுங்கியது.

என்னைப் பார்த்ததும் கையால் கேமரா சுற்றுவது போலக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். எப்படி வந்திருக்கிறது?

“ரொம்ப நல்லா வந்திருக்குக்கா.”

கண்ணை மூடித் திறந்தார்.

வெளியே அறுவை நிபுணரிடம் கேட்டேன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்?

“சொல்ல முடியாதுங்க. உள்ள எப்ப எவ்வளவு போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

சொல்ல முடியாது என்றால் ஆமாம் என்று பொருள் இல்லை. அதை மனசில் நிறுத்திக்கொண்டு வந்தேன். லிஃப்ட் வாசலில் ஷீபா எதிரே வந்தாள். சாப்பாட்டுக் கூடையோடு ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

ஜனவரி 17

எடிட்டிங். என் எல்லாப் படங்களையும் வெட்டியவர் அன்வர். முதல் வெட்டைப் போட்டுக் காட்டினார். கடைசிக் காட்சிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

“மேடம், திட்டாதீங்க. படம் இதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு.”

“எங்க?”

“ருக்குமணி தண்ணி எடுத்துட்டு வெளிய வராங்க. எஸ்தரம்மாவப் பாக்குறாங்க. ரெண்டு பேரும் நிக்கிறாங்க. யார்னு அந்தப் பொண்ணுக்குப் புரியுது. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசுனாலும் எறங்குது.”

கத்தினேன். அந்த ஷாட்டுக்கு என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்று தெரியுமா என்றேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, “விலை படத்துல தெரியாதுல்ல மேடம்” என்றார்.

கீழே போய் டீ குடித்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். திரும்பி வந்து அவர் சொன்ன மாதிரி பார்த்தேன். ருக்குமணியின் கண்ணில் அது புரியும் கணம், சொம்பில் தண்ணீர் லேசாக அலம்புவது, பிறகு திரை கருப்பு.

அவர் சொன்னது சரி. முதுகுத்தண்டில் தெரிந்தது.

ஜனவரி 19

நம் சினிமா பேசிப் பேசியே வளர்ந்தது. மேடையிலிருந்து வந்தவர்கள் மேடையைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். நான் படம் எடுக்க வந்ததே அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான். இருபது வருடமாகப் பேட்டிகளில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படியிருந்தும் நான்கு பக்கம் எழுதினேன். ஏன்? எஸ்தரக்காவின் குரல் கிடைத்துவிட்டது என்ற ஆசை. நல்ல பட்டு கிடைத்ததும் அளவு பார்க்காமல் தைத்துவிட்ட தையற்காரி நான்.

நாமக்கல்லில் இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை எடுத்தபோதே.

ஜனவரி 26

பேச்சைச் சுருக்கிப் பார்த்தோம். பாதியாக, கால்வாசியாக, கடைசி நான்கு வரியாக. எதுவும் நிற்கவில்லை. முழுதாக இருக்க வேண்டும், அல்லது இருக்கவே கூடாது.

தயாரிப்பாளர் போன் செய்தார். உடைந்த இடங்களை மட்டும், அக்காவின் பழைய படக் குரலை வைத்துக் கம்ப்யூட்டரில் புதிதாகப் பேசவைத்துவிடலாமாம். ஆள் இருக்கிறார்களாம். போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 3

பேச்சு இல்லாத முடிவையே இறுதியாக வைத்துப் பூட்டிவிடச் சொன்னேன். அக்காவுக்கு இப்போது சொல்ல வேண்டாம், உடம்பு தேறட்டும், படம் வெளிவரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

அன்வர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அவங்க வந்து பாக்கட்டும் மேடம். அப்புறம் பூட்டுறேன்.”

பிப்ரவரி 8

எஸ்தரக்கா வந்தார், ஷீபாவோடு. இளைத்திருக்கிறார். கழுத்தில் மெல்லிய துணி. கையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி. அதைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயசைத்தால் பேச்சு வருகிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யார் பேசினாலும் அதே குரல்தான் வருமாம்.

முதலில் பேச்சு இல்லாத முடிவைப் போட்டோம். பிறகு பேச்சோடு. ஷீபா பின்னால் நின்று பார்த்தாள்.

வெளிச்சம் போட்டதும் அக்கா கருவியை வைத்துக்கொண்டார்.

“மொதல்ல போட்டதுதான் நல்ல படம்.”

அப்படி ஒரு நிம்மதி எனக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, உங்களுக்குப் புரியும்னு தெரியும்.”

“புரியுது. ஆனா வெட்டாத.”

சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். மறுபடியும் சொன்னார். “பேச்ச வெட்டாத.”

“அக்கா, நீங்களே சொன்னீங்களே, படத்துக்கு...”

“நாப்பது வருசம் படத்துக்கு எது நல்லதோ அதத்தான் செஞ்சேன். எம்பேரு போட மாட்டாவ. நா கேக்க மாட்டேன். படத்துக்கு நல்லதுன்னா சரின்னு போயிருவேன். இது படத்துக்கு இல்ல. எனக்கு.”

அந்த இயந்திரக் குரலில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோபம் இல்லை.

“படம் கெட்டுப்போகும்க்கா.”

“கொஞ்சம் கெடட்டும். நீ மேகத்துக்குக் காத்துக் கெடந்த. நா ஒண்ணுஞ் சொல்லலல்லா.”

கருவியைக் கைப்பைக்குள் வைத்தார்.

கிளம்பும்போது ஷீபா வாசலில் நின்றாள். டிசம்பருக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியது அப்போதுதான்.

“அந்த முதல் நாள் எடுத்தது இருக்கா? வெயில்ல. அதுலதான் அம்மா குரல் முழுசா இருக்கும். எனக்கு வேணும்.”

பிப்ரவரி 9

ஷீபாவுக்காக நான்காம் தேதி டேக்கைத் தேடி எடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுதாகப் பார்த்தேன்.

வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 10

அன்வரிடம் சொல்லிவிட்டேன். பேச்சு இருக்கும், முழுதாக, உடைந்த டேக்கே. வெயில் டேக்கை வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று செய்தி அனுப்பினார். ‘அது ஷீபாவுக்கு. உடஞ்சதுதான் அந்த அம்மா.’

ஒரு படம் அதை எடுத்தவர்களைவிடப் பெரியது என்று நான் நம்பி வந்திருக்கிறேன். அதற்காகத் திருமணம், வீடு, ஊர் என்று எனக்கிருந்ததையெல்லாம் கொடுத்தேன். அதில் வருத்தம் இல்லை. என்னுடையதைத்தானே கொடுத்தேன் என்றும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேறொன்றும் தோன்றுகிறது. நம் படங்களில் ஆட்கள் அவ்வளவு பேசினார்கள் என்றால், பார்க்க வந்தவர்களை வேறெங்கும் யாரும் பேசவிடவில்லை என்பதாலும் இருக்கலாம். கோர்ட்டில் வக்கீல் பேசுவார், வீட்டில் மாமனார் பேசுவார். திரையிலாவது ஒருத்தி கடைசி வரைக்கும் பேசட்டும் என்று காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதை அழகியல் குறை என்று நான் வகுப்பெடுத்திருக்கிறேன்.

மார்ச் 2

கடைசி மிக்ஸிங். கிருபாகரன் ஒரு உரசலைக்கூடத் துடைக்கவில்லை. அவரிடம் நவம்பர் மாதத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “அடுத்த ரீல் போகலாமா மேடம்?” என்றார்.

ஜூன் 14

சென்னையில் முதல் பொதுத் திரையிடல். காலைக் காட்சி. அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

ருக்குமணி வாசலுக்கு வரும் வரைக்கும் ஒரு சத்தமில்லை. அந்தக் கணம் வந்தது. அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்ததை உணர்ந்தேன். அங்கே முடிந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள்.

பேச்சு தொடங்கியது. இரண்டாவது பக்கத்தில் யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒரு போன் ஒளிர்ந்தது. மூன்றாவது பக்கத்தில் இரண்டு பேர் குனிந்தபடி வெளியே போனார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்த எஸ்தரக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. திரையில் குரல் உடையும் இடத்தில் உதடும் நின்றது, மறுபடி எடுத்த இடத்தில் எடுத்தது. ஒரு எழுத்துக்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. ஷீபா அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

முடிந்ததும் கேள்வி நேரம். கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் எழுந்தார். படித்தவர், நல்ல கேள்வி.

“அதுவரைக்கும் சொல்லாமலே சொன்ன படம் மேடம். கடைசியில அவ்வளவு நீளமான பேச்சு தேவைதானா? எடிட்ல யோசிக்கலையா?”

நானாக இருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

“யோசிச்சோம். இருக்கட்டும்னு முடிவு பண்ணோம்.”

“ஏன்னு சொல்ல முடியுமா?”

“முடியாது.”

சிலர் சிரித்தார்கள். அவர் திருப்தியில்லாமல் உட்கார்ந்தார். அன்வர் தலையைக் குனிந்துகொண்டார். நாளை விமர்சனங்கள் வரும். கடைசி ஏழு நிமிடத்தைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று தெரியும். சரியாகத்தான் எழுதுவார்கள்.

எல்லோரும் வெளியேறிய பிறகு, நடு வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து இருக்கும். காட்டன் சேலை, மடியில் டிபன் பை. ஆபீஸுக்குப் போகிற வழியில் வந்தவர் போல. எழுந்து எஸ்தரக்காவிடம் வந்தார்.

“நீங்கதானம்மா அது?”

அக்கா தலையாட்டினார். கைப்பையைத் திறந்து கருவியை எடுக்கப் போனார். அதற்குள் அந்த அம்மா பேசத் தொடங்கிவிட்டார். அவர் பையனும் பைக்கில்தான் போனானாம். பெருங்களத்தூர் பாலத்துக்கிட்டே. மூன்று வருடமாகிறதாம். வீட்டில் அவன் பெயரை எடுக்கக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டாராம். அக்கா கருவியை எடுக்காமல் பையை மூடினார். பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார். அந்த அம்மா உட்கார்ந்தார். பையனுக்கு என்ன பிடிக்கும், கடைசியாக என்ன சாப்பிட்டுவிட்டுப் போனான், அன்றைக்கு எதற்காக அவனைத் திட்டினார் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அழுகை வந்து நிறுத்தி, விட்ட இடத்துக்கும் முன்னால் போய்த் தொடங்கினார்.

அரங்கத்துக்காரர் என்னிடம் வந்தார். “மேடம், அடுத்த ஷோவுக்கு ஆளுங்க வெளிய நிக்கிறாங்க. உள்ள விடணும்.”

“கொஞ்சம் பொறுங்க” என்றேன். “அவங்க பேசி முடிக்கட்டும்.”